லோகேஸ்வரி பசியாற வேண்டும்

1

இங்கே தேயிலைத் தோட்டத்தில் காலைச் சாப்பாட்டுக்குப் பெயர் பசியாறல். விடிந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் முதலில் வரும் கேள்வி, "பசியாறிட்டீங்களா?" மதியம் அதே ஆள் "சாப்ட்டாச்சா?" என்றுதான் கேட்பார். பசியை ஆற்றுகிற வேலை காலையோடு முடிந்துவிடுகிறது போலும். மலேசியாவில் இந்தக் கேமரன் மலைக்கு வந்த புதிதில் இந்தக் கேள்வி எனக்குக் கல்யாண வீட்டு உபசாரம் மாதிரி கேட்டது. இப்போது நானே கேட்கிறேன். அரூர்ப் பக்கத்தில் இருக்கும் அம்மாவிடமும் ஒரு நாள் ஃபோனில் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "பசி எங்கடா ஆறுது, இன்னும் மாட்டுக்கே தண்ணி காட்டல" என்றாள்.

கொஞ்ச நாளாக லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு அதுதான் பெயர்) யார் என்னைப் பார்த்தாலும் என் பசியைப் பற்றிக் கேட்பதில்லை. "லோகேஸ் பசியாறிச்சா?" என்று கேட்கிறார்கள். லோகேஸ்வரி என் மனைவி. இந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவள், ரிங்லெட் டவுனில் பாலர் பள்ளி ஆசிரியை. மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறாள். தண்ணீர் குடித்தால்கூட வெளியே வந்துவிடுகிறது.

வாந்தி எல்லாருக்கும் வருவதுதான். எங்கள் கவலை வேறு. போன வருஷம் ஒன்று உண்டாகி நிற்காமல் போனது. அதனால் இந்தத் தடவை ஒவ்வொரு வாரமும் டவுனில் இருக்கிற கிளினிக்கில் எடை பார்க்கச் சொன்னார்கள். ஒவ்வொரு வாரமும் முள் கொஞ்சம் இறங்கித்தான் நின்றது. அங்கே இருக்கிற தமிழ் மிஸ்ஸி (நர்ஸை இங்கே மிஸ்ஸி என்பார்கள்) கடைசியாகப் போனபோது லோகேஸின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அடுத்த வாரமும் எறங்குச்சுன்னா டாக்டர் ஐப்போ பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிடுவாரு. வார்டுல போட்டு ட்ரிப்பு ஏத்தணும். சொல்லிட்டேன் ஆ." பிறகு என்னைப் பார்த்து, "காலையில கட்டில்ல இருந்து எறங்குறதுக்கு முன்னாடியே ஏதாச்சும் வயித்துல போயிரணும். வெறும் வயித்துல எந்திரிக்க விடாதீங்க. கஞ்சி வச்சுக் குடுங்க" என்றார்.

கஞ்சி வைப்பதில் என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

2

என் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான்தான். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு, குன்னூரில் ஒரு தேயிலை ஆலையில் சில வருஷம் வேலை பார்த்து, அங்கே கிடைத்த பழக்கத்தில் இங்கே ஆலை இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ள வந்தேன். இலையை வாட்டி, உருட்டி, புளிக்க விட்டு, கடைசியில் சூடான காற்றில் காய வைக்கிற டிரையர்தான் என் பொறுப்பு. இரவு முழுக்க அதனோடு இருந்துவிட்டு, வெளிச்சம் வரும்போது மோட்டாரில் (பைக்கை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) லயத்துக்குத் திரும்புவேன். வேலை முடிந்து குளிப்பது, தூங்குவது என்று இருந்தவன், மிஸ்ஸி சொன்ன பிறகு வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். வந்ததும் கை காலைக் கழுவிவிட்டு நேரே அடுப்புதான். லோகேஸ் கண் விழிக்கும்போது கிண்ணத்தோடு கட்டில் பக்கத்தில் இருக்க வேண்டும். குளியல் அப்புறம்.

எனக்குத் தெரிந்த கஞ்சி, கேழ்வரகுக் கூழ். முந்தின நாளே மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, நொய்யரிசி வேக விட்டு, அதில் கரைசலை ஊற்றிக் கிண்டி, ஆறியதும் மோரும் உப்பும் போட்டுக் கையாலேயே கரைக்க வேண்டும். கடித்துக்கொள்ள வெங்காயம், மோர் மிளகாய். எங்கள் ஊரில் கரண்டியால் கரைத்த கூழை யாரும் மதிக்க மாட்டார்கள். தானா ராத்தா டவுனில் ஒரு கடைக்குப் போய்க் கேழ்வரகு மாவு என்றேன், முழித்தார். கேப்பை மாவு என்றேன், அதற்கும் முழித்தார். "ராகி" என்றதும் "அதை மொதல்லயே சொல்றதுதானே லா" என்று எடுத்துக் கொடுத்தார்.

மாவு கிடைத்தது, புளிப்பு கிடைக்கவில்லை. இந்தக் குளிரில் கரைத்து வைத்தது வைத்தபடியே இருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் எல்லாம் குரல் செய்திதான். காலையில் ஃபோனைத் திறந்தால் வரிசையாக வந்து கிடக்கும். "பழைய கூழு ஒரு கரண்டி உட்டுக் கரைடா சாமி." "கம்பளி சுத்தி வையி." "உப்பக் கடைசியில போடு, மொதல்ல போட்டா நீத்துப்பூடும்." கடைசிச் செய்தி எப்போதும் ஒன்றுதான்: "தின்னாளா?"

அவள் இங்கே வந்து பார்த்துக்கொள்வதாகத்தான் இருந்தது. பாஸ்போர்ட் எடுக்கப் போன இடத்தில் மாட்டிக்கொண்டாள். ரேஷன் அட்டையில் ஒரு பெயர், ஆதாரில் வேறு பெயர். பிறந்த தேதிக்குப் பள்ளிச் சான்று கேட்டார்கள். "நான் பள்ளிக்கூடம் போயிருந்தா எம்மவன் எதுக்குய்யா அத்தினி தூரம் போறான்" என்று அங்கிருந்தவரிடமே அம்மா கேட்டிருக்கிறாள். அவர் சிரித்துவிட்டு, பெயரைத் திருத்திக்கொண்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டார். அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

வர முடியாததால் அம்மா அங்கிருந்தே ஒரு காவல் போட்டாள். குழந்தை பிறக்கும் வரை நான் முடி வெட்டக் கூடாது, சவரமும் கூடாது. எங்கள் பக்கத்தில் இது எல்லாருக்கும் உள்ள வழக்கம். ஆனால் என் விஷயத்தில் அதற்கு மேலும் ஒன்று இருந்தது. போன வருஷம் லோகேஸ் உண்டாகியிருந்தபோது இங்கே தங்கி வேலை செய்வதற்கான என் பாஸைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. படம் எடுக்கிற கடையில் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்றார்கள். தாடியை எடுத்து, முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு போய் நின்றேன். பாஸ் வந்தது. அடுத்த சில நாளில் குழந்தை இல்லாமல் போனது.

இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். டாக்டரும் சொன்னார். அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் இந்தத் தடவை செய்தி சொன்னதும் அவள் முதலில் சொன்னது, "சாமி, இந்த வாட்டி தலையில கைய வைக்காத" என்பதுதான். சரி என்றேன். நம்புகிறவன், நம்பாதவன் என்று அந்த இடத்தில் ஒன்றும் பிரித்துப் பார்க்கவில்லை.

3

ஆலையில் எல்லாரும் என்னைச் சாமி என்று கூப்பிடத் தொடங்கினார்கள். எங்கள் ஷிப்டுக்குக் கங்காணி ராஜு அண்ணன். இங்கேயே பிறந்தவர், வாய் சும்மா இருக்காது.

"என்னா சாமி, தைப்பூசத்துக்கு இன்னும் எவ்ளோ மாசம் கெடக்கு. இப்பவே தாடியா?"

"வீட்டுல மாசமா இருக்காங்கண்ணே. எங்க ஊர்ல எடுக்க மாட்டோம்."

"இங்க மட்டும் என்னாவாம்? எங்கப்பா ஏழு புள்ளைக்கும் தாடி வச்சாரு. படத்துல பாத்தா எங்களுக்கு அப்பாவா தாத்தாவான்னு தெரியாது."

விடிகாலையில் எல்லாரும் ஒரு கோப்பைத் தேநீரோடு உட்காரும்போது பேச்சு எப்படியோ கஞ்சிக்கு வந்துவிடும். லோகேஸ் சாப்பிடவில்லை என்பது அதற்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்திருந்தது. ராஜு அண்ணன் வீட்டில் அரிசிக் கஞ்சி தண்ணியாக இருக்க வேண்டும், தொட்டுக்கொள்ள மிளகாய்ச் சம்பல் வேண்டும். கெட்டியாக இருந்தால் அவர் அதைக் கஞ்சி என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். "சுவத்துல அப்புறதுக்கா செய்றீங்க?" என்பார். தேயிலைப் பெட்டி ஏற்ற வரும் லோரிக்காரர் ஆ செங், கோலா தெர்லாவில் இருக்கும் சீனர், நம்மை விடச் சரளமாகத் தோட்டத்துத் தமிழ் பேசுகிறவர். அவருக்கு இதெல்லாமே தப்பு.

"நீங்க அரிசிய வேக வைக்கிறீங்க லா. கரையணும். அரிசி இருக்கான்னே தெரியக் கூடாது. இஞ்சி மெல்லிசா சீவிப் போடு. என் சம்சாரம் மூணு புள்ளைக்கும் அதத்தான் குடிச்சா."

"உன் சம்சாரம் குடிச்சதுக்குக் காரணம் கஞ்சி இல்ல" என்றார் ராஜு அண்ணன். "நீ லோரி எடுத்துக்கிட்டு கோலாலம்பூர் போயிட்ட. வீட்டுல நிம்மதி." என்னைப் பார்த்து, "உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே குடிச்சா யாருக்குய்யா நிக்கும்?" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இஞ்சிக் கஞ்சியும் செய்து பார்த்தேன். தண்ணிக் கஞ்சியும் செய்தேன். பக்கத்து வீட்டு அக்கா ஓட்ஸ் கொடுத்தார், அதையும் பாலில் காய்ச்சினேன். அவருடைய பிள்ளைகள் இரண்டும் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "யே, சீக்கு ஆளுங்க சாப்பாடு" என்று ஓடிப்போயின. அவர்கள் காலையில் தின்பது பெட்டியில் வருகிற சாக்லேட் உருண்டை, குளிர்ந்த பாலில். எனக்குப் பிறக்கப் போவதும் நாளைக்கு அப்படித்தான் ஓடும் என்று நினைத்துக்கொண்டேன். ஓடட்டும், முதலில் பிறக்கட்டும்.

எது செய்தாலும் நடப்பது ஒன்றுதான். கிண்ணத்தோடு போய்க் கட்டிலில் உட்காருவேன். லோகேஸ் எழுந்து சாய்ந்துகொள்வாள். நான் ஒரு கரண்டி எடுத்து நீட்டுவேன். மறுக்காமல் வாங்குவாள். இரண்டாவது கரண்டிக்குள் கண் கலங்கும், துண்டை வாயில் வைத்துக்கொண்டு பின்பக்கம் ஓடுவாள். திரும்பி வந்து, "நல்லாத்தாங்க இருந்துச்சு" என்பாள். நல்லா இருந்தது ஏன் வெளியே வருகிறது என்று யோசித்தபடி நான் உப்பைக் குறைப்பேன், இல்லை கூட்டுவேன்.

4

மாமியார் மலைக்குக் கீழே ஐப்போவில் பெரிய மகன் வீட்டில் இருக்கிறார். விஷயம் தெரிந்து ஒரு பையோடு பஸ் ஏறி வந்துவிட்டார். அத்தை இந்தத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். மாமா இதே ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று இறந்தவர். வந்ததும் சமையலறையைப் பார்த்துவிட்டு, "என்னா மாப்ள, கடை போட்ட மாரி எல்லா மாவும் வச்சிருக்கீங்க" என்றார்.

அத்தையின் கஞ்சி வேறு மாதிரி. பச்சரிசியை லேசாக வறுத்து, ஒரு பிடி பாசிப்பருப்பு சேர்த்து, பூண்டு தட்டி வதக்கிப் போட்டுக் குழைய விடுவார். மேலே பொரித்த நெத்திலி. முதல் நாள் அவர் காய்ச்சினார், நான் வழக்கம்போலக் கொண்டுபோய் ஊட்டினேன். அதுவும் நிற்கவில்லை.

"அடுத்த தடவை நெத்திலி வேணாம்" என்றார் அத்தை.

மறுநாள் ஆலையில் டிரையரின் சங்கிலி அறுந்துவிட்டது. உள்ளே இலை இருக்கும்போது அது நின்றால் மொத்தமும் கருகிவிடும். ராஜு அண்ணனும் நானும் மல்லுக்கட்டி, அதை ஓட விட்டு வீட்டுக்கு வந்தபோது வெயில் ஏறிவிட்டது. அத்தை வாசலிலேயே நின்றிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"முழுசும் குடிச்சிருச்சு மாப்ள! கிண்ணத்தை வழிச்சு. இப்ப வரைக்கும் ஒண்ணும் இல்ல. தூங்குது."

அத்தையிடம் என்ன போட்டீர்கள், எவ்வளவு போட்டீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டேன். நெத்திலியை விட்டிருக்கிறார், பூண்டை இன்னும் கொஞ்சம் வதக்கியிருக்கிறார், அவ்வளவுதான். ஐ.டி.ஐ.யில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அதுதான்: ஓடுகிற இயந்திரத்தில் என்ன மாறியது என்று பார். மாறியது நெத்திலியும் பூண்டும். அம்மாவுக்கும் சொன்னேன். அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். "எதுவா இருந்தா என்ன, தின்னா சரி" என்று செய்தி வந்தது. உடனே இன்னொன்று: "கேப்பைக்கு ஈடு ஆவாது."

அடுத்த நாள் நானும் அத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, அதே அரிசி, அதே பருப்பு, நெத்திலி இல்லாமல் காய்ச்சினோம். காய்ச்சியதை நானே கொண்டுபோனேன். லோகேஸ் ஒரு கரண்டி வாங்கினாள். இரண்டாவது கரண்டியைப் பார்த்தாள். அத்தை முறத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்து அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

அன்று மத்தியானமே அத்தை மகனுக்கு ஃபோன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை கார் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். "எறக்கத்துல போனா சரியாயிரும் மாப்ள. இந்தக் குளிரு அதுக்கு ஒத்துக்கல. கிளினிக்ல அனுப்புறதுக்கு முன்னாடி நாமளே கூட்டிட்டுப் போயிருவோம். பொறக்குற வரைக்கும் எங்கிட்டயே இருக்கட்டும்."

தப்பு சொல்ல முடியவில்லை. வாரத்தில் ஒரு நாள் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். ஆனால் போன வருஷம் அந்த ராத்திரி லோகேஸோடு இருந்தது நான்தான். இந்தத் தடவை ஏதாவது ஆனால் நான் மலையில் இருப்பேன், அவள் கீழே இருப்பாள். அதை அத்தையிடம் எப்படிச் சொல்வது? அவர் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். நான் மாவு டப்பாக்களைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

5

வெள்ளிக்கிழமை காலை. ஷிப்டு முடிந்து வந்து, இருக்கிற இரண்டு நாளாவது ஒழுங்காக ஊட்டலாம் என்று அடுப்பைப் பற்ற வைத்தேன். கிண்ணத்தோடு உள்ளே போனேன். பெட்டி கட்டிலுக்குக் கீழே இருந்தது. லோகேஸ் விழித்துத்தான் இருந்தாள். நான் உட்காருவதற்கு முன்பே துண்டை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள்.

"இன்னும் வாயிலயே வைக்கல, அதுக்குள்ள என்ன?" என்றேன். கொஞ்சம் சலிப்பாகத்தான் சொல்லியிருப்பேன். "நாளைக்கு ராகி போட்டுப் பாக்கவா?"

அவள் அழுதுவிட்டாள். "ராகியும் வேணாம், அரிசியும் வேணாம். கஞ்சி நல்லாத்தான் இருக்கு. அதைக் கீழ வச்சிட்டு நீங்க கொஞ்சம் வெளிய போங்க."

"எதுக்கு?"

"உங்க மேல வாசம்ங்க."

"என்ன வாசம்?"

"தேயிலை."

சட்டையை முகர்ந்து பார்த்தேன். கையை முகர்ந்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. குரல் கேட்டு அத்தை வந்தார். விஷயம் தெரிந்ததும் என் தோள் பக்கம் குனிந்து, சந்தையில் மீன் வாங்குகிற மாதிரி முகர்ந்து பார்த்தார்.

"ஒண்ணும் இல்லியே பாப்பா. மாப்ள சுத்தமாத்தானே இருக்காரு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? அப்பாவும் இப்படித்தான் இருந்தாரு, நீங்களும் இப்படித்தான் இருந்தீங்க. எனக்கே இத்தனை வருசம் தெரியல. இப்பத்தான் அடிக்குது. டிரையரையே வீட்டுக்குள்ள கொண்டாந்து வச்ச மாரி. மூச்சு விட முடியல."

ஆலைக்குள் சென்ட் கூடாது, பவுடர் கூடாது, தலைக்கு எண்ணெய் கூடாது. இலை எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும் என்று குன்னூரிலும் சொல்லியிருக்கிறார்கள், இங்கேயும் சொல்லியிருக்கிறார்கள். அதற்காக வாசமில்லாத சோப்புதான் போடுகிறேன். நம்முடைய வாசம் இலைக்குப் போகக் கூடாது என்று இத்தனை வருஷம் பார்த்துக்கொண்ட நான், இலையின் வாசம் எங்கே போகிறது என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. காய்கிற தேயிலையின் பக்கத்தில் இரவெல்லாம் நின்றுவிட்டு, குளிக்காமல் கொள்ளாமல் அவள் மூக்குக்குக் கீழே போய் உட்கார்ந்திருக்கிறேன். சங்கிலி அறுந்த அன்று மாறியது நெத்திலி இல்லை. நான் வராததுதான் மாற்றம்.

"எப்பலேருந்து?"

"மொதல்லேருந்தே."

"சொல்லியிருக்கலாமே லோகேஸ்."

"எப்படிச் சொல்றது? அவ்ளோ தூரத்துலேருந்து வந்து ராத்திரியெல்லாம் முழிச்சு வேலை செய்றீங்க. வந்து அடுப்புல நிக்கிறீங்க. உங்க மேல நாத்தம், கிட்ட வராதீங்கன்னா சொல்லுவாங்க? அதுவும் தேயிலைக்குப் பொறந்த நான்." மூக்கை உறிஞ்சினாள். "ஐப்போ போனா எல்லாம் சரியாயிரும், யாருக்கும் மனசு கஷ்டம் இல்லன்னு நெனச்சேன்."

அத்தை போய்த் தன் பையிலிருந்து பூ வாசம் அடிக்கிற சோப்பு ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். வெந்நீர் வைத்துத் தேய்த்துத் தேய்த்துக் குளித்தேன். துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றேன்.

"இப்ப?"

லோகேஸ் துண்டைக் கொஞ்சம் விலக்கினாள். "உடம்பு பரவால்ல." தயங்கினாள். பிறகு கையால் தன் கன்னத்தையும் தலையையும் தொட்டுக் காட்டினாள்.

முடி. மூன்று மாதம் வளர்ந்த தலை, மூன்று மாதத் தாடி. அதற்குள் மூன்று மாத டிரையர்.

அம்மா போட்ட காவல் அவளுக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும். லோகேஸ் அத்தனை நாள் வாயைத் திறக்காததற்குப் பாதிக் காரணம் அதுதான். கடைசியில் அத்தைதான் சொன்னார். "சம்பந்தியம்மா எடுக்கக் கூடாதுன்னாங்களே மாப்ள. ரெண்டு வேளை சீயக்கா போட்டுப் பாப்போமா?"

போட்டுப் பார்த்தோம். ஈரம் காய்ந்ததும் வாசம் திரும்பி வந்துவிட்டது என்றாள்.

6

மோட்டாரை எடுத்துக்கொண்டு ரிங்லெட்டுக்குப் போனேன். முடி வெட்டும் கடையின் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அம்மாவிடம் கேட்டுவிட்டுச் செய்யலாமா என்று நினைத்தேன். கேட்டால் வேண்டாம் என்பாள். வேண்டாம் என்ற பிறகு செய்தால் அது வேறு. ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் போன வருஷமும் எனக்குத் தெரியும்.

கடைக்காரர் துணியைப் போர்த்திவிட்டு, "ட்ரிம்மா தம்பி?" என்றார்.

"எல்லாம் எடுத்துருங்கண்ணே. தலை, தாடி, மீசை."

"கோயிலுக்கா?"

"கஞ்சிக்கு."

கத்தியைப் பிடித்தபடி கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். நான் சொல்வதாகத் தெரியவில்லை என்றதும் வேலையைத் தொடங்கினார். முடி மடியில் விழ விழ, அதை ஒரு கையால் எடுத்து முகர்ந்து பார்த்தேன். அப்போதும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ராஜு அண்ணனிடம் பேசி, வேலை முடிந்ததும் ஆலையின் பின்பக்கக் குழாயிலேயே குளித்துவிட்டு, பையில் கொண்டுபோன சட்டையை மாற்றிக்கொண்டு வர ஏற்பாடு செய்துகொண்டேன். பனியில் அந்தத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வேலைச் சட்டை வீட்டுக்குள் வருவதில்லை, வெளியே கொடியில்தான். சனிக்கிழமை காலை அத்தை கஞ்சி காய்ச்சினார். "நீங்களே குடுங்க" என்று கிண்ணத்தை என் கையில் வைத்தார். லோகேஸ் என் மொட்டைத் தலையைப் பார்த்துச் சிரித்தாள், அதிலேயே முதல் கரண்டி சிந்தியது. இரண்டாவது போனது. மூன்றாவது போனது. அதற்கு மேல் கரண்டியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு அவளே குடித்தாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் கார் எடுத்துக்கொண்டு வந்து, மதியம் சாப்பிட்டுவிட்டு, போகும் வழியில் கியா பார்ம் சந்தையில் காய்கறியை மட்டும் ஏற்றிக்கொண்டு திரும்பினார். கிளினிக்கில் மிஸ்ஸி இரண்டு தடவை எடை பார்த்தார். முள் இறங்கவில்லை, கொஞ்சம் ஏறியே இருந்தது. "என்னா கஞ்சி குடுத்தீங்க?" என்று கேட்டார். "எல்லாக் கஞ்சியும்தான்" என்றாள் லோகேஸ். அது உண்மைதான். அத்தையுடையது ஒரு நாள், ஆ செங்கின் இஞ்சிக் கஞ்சி ஒரு நாள், புளிக்காத ராகிக் கூழ் ஒரு நாள். அவளுக்குப் பிடித்தது தண்ணியாக இருப்பது. இது ராஜு அண்ணன் காதுக்குப் போய், அவர் இப்போது தரையில் நடப்பதில்லை.

அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. நான்கைந்து நாள், வீடியோவில் கூப்பிட்டபோதும் முகம் காட்டாமலே பேசினேன். நெட் சரியில்லை என்றேன், கேமரா உடைந்துவிட்டது என்றேன். அவள் படிக்காதவளே தவிர, ஏமாறுகிறவள் இல்லை.

"ஏன்டா மூஞ்சியக் காட்ட மாட்டேங்கற? அவளுக்கு என்னா?"

குரல் மாறிவிட்டிருந்தது. போன வருஷமும் நான் இப்படித்தான் முகம் காட்டாமல் பேசியிருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. கேமராவைப் போட்டேன்.

அம்மா பார்த்தாள். அவள் பின்னால் மாடு கத்திக்கொண்டிருந்தது.

"எப்ப எடுத்த?"

"வெள்ளிக்கிழமை."

"என்னாத்துக்கு?"

"முடியில தேயிலை வாசம்மா. அந்த வாசத்துல அவளுக்குக் கஞ்சி எறங்கல."

"இப்ப எறங்குதா?"

"எறங்குதும்மா."

"எவ்ளோ திங்கறா?"

"ஒரு கிண்ணம். நேத்து ரெண்டாவது வாட்டி கேட்டு வாங்கிக் குடிச்சா."

"நிக்குதா?"

"நிக்குது."

ஃபோனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். திரை முழுக்க அவள் கண்தான் தெரிந்தது.

"அந்தப் பக்கம் திரும்பு."

திரும்பினேன்.

"காதுக்குப் பின்னால கொஞ்சம் உட்டுட்டான் பாரு. அதையும் வழிச்சுடு."